யூப்ரடீஸ் கிணற்றுக்கு ஆம்பூர்ச் சாட்சி

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்துகொண்டிருந்த துரைசாமி, முதல் உலக யுத்தத்தின்போது பட்டாளத்துக் கூலியாளாகச் சேர்ந்து மெசபடோமியா போனார். ஊர்ப் பொதுக் கிணற்றில் கயிறு விட உரிமையில்லாத சேரிக்காரருக்கு, அங்கே பட்டாளத்துக்கே தண்ணீர் இறைக்கும் உத்தியோகம் கிடைத்தது.

யூப்ரடீஸ் கரையில், துருக்கிப் படை விட்டுப்போன ஒரு கிராமத்தில் தோல் பையைக் கிணற்றுக்குள் இறக்கினார். கனமாக வந்தது. பையில் சிக்கியிருந்தது ஒரு தலைப்பின்னல். உள்ளே பெண்களும் பிள்ளைகளும் பிணங்களாக. ஆர்மீனியர்களாம். கிராமத்தில் பிழைத்திருந்த ஒருத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். பாஷை புரியவில்லை. போய்ச் சொல் என்கிறாள் என்றே எடுத்துக்கொண்டார்.

1920இல், அப்படிப் பார்த்தவர்களிடம் வாக்குமூலம் வாங்க ஒரு வெள்ளைக்கார அதிகாரி வேலூர் வந்தார். மனித குலத்துக்கே எதிரான குற்றமாம், தண்டிக்கப் போகிறார்களாம்.

துருக்கி சுல்தானுக்காக முஸ்லிம்கள் கொதித்துக்கொண்டிருந்த நேரம். முதலாளி அதாவுல்லா சாயபு தடுப்பார் என்று பயந்தபடியே துரைசாமி லீவு கேட்டார்.

"பாத்தியா? பாத்தேன்னு சொல்லு. ஜாஸ்தியா எதுவும் சேக்காதே" என்றார் அவர்.

வேலூரில் அதிகாரி அறைக்குள். துரைசாமி ஜன்னலுக்கு வெளியே, வெயிலில். படியேறினால் தீட்டு. விசாரணை மனித குலம் முழுவதையும் பற்றியதுதான், அதற்காகப் படியை விட்டுக்கொடுக்க முடியுமா? நடுவில் நின்று மொழிபெயர்த்தவர் குமாஸ்தா பஞ்சாட்சரம்.

"செத்தவங்க எந்த சர்க்காரோட குடிங்கடா?"

"துருக்கி குடிங்கதான் சாமி."

"கொன்னது?"

"துருக்கி பட்டாளம்."

பஞ்சாட்சரம் பேனாவை வைத்தார். "பேஜாரா போச்சே! எதிரி ஜனத்தைக் கொன்னா யுத்தக் குற்றம். தன் குடிய தானே கொன்னா, அது அவன் வீட்டு சமாச்சாரம். சட்டத்துல இடமில்ல. இப்பத்தான் புதுசா எழுதப் பாக்கறாங்க."

அந்தச் சட்டம் துரைசாமிக்கு நன்றாகப் பழக்கம். சேரியை ஊர்க்காரர்கள் கொளுத்தியபோது போலீஸும் 'உங்க ஊர் விவகாரம்' என்றுதான் திரும்பிப் போனது.

"எழுதறப்போ எல்லா சர்க்காருக்கும் சேத்து எழுதுவாங்களா சாமி? போன வருஷம் பஞ்சாப்புல நம்ம ஜனத்தை சுட்டாங்களே, அதுக்கும்?"

"டேய், வாய மூடு!"

உள்ளிருந்து அதிகாரி என்னவென்று கேட்டார். பஞ்சாட்சரம் ஜன்னலோரம் குனிந்து கிசுகிசுத்தார்.

"பஞ்சாப் பேச்சை வாபஸ் வாங்கிக்கடா. இல்லன்னா கிணத்துச் சாட்சியும் சேந்து போய்டும்."

வாங்கிக்கொள்ளத்தான் நினைத்தார் துரைசாமி. வாய் ஒத்துழைக்கவில்லை.

"அங்க செத்தா குத்தம், இங்க செத்தா குத்தமில்லன்னு நான் எப்டி சாமி சொல்றது?"

அதுவும் அதிகாரி காதுக்குப் போய், சாட்சி நம்பத்தகாதவர் என்று முடிவாயிற்று. அதோடு விட்டார்களா? வாரம் தவறாமல் ஷாப்புக்கு ஒரு ஏட்டு வந்தார்.

"பஞ்சாப் சமாச்சாரம் உனக்கு இன்னாடா தெரியும்? யார்ரா சொன்னது?"

"சொல்றேன் ஏட்டய்யா. ஆனா அந்தக் கிணத்துலேர்ந்து ஆரம்பிச்சாத்தான் கோர்வையா வரும். எழுதிக்குங்க."

ஏட்டு தலையில் அடித்துக்கொண்டார். பிறகு, வேறு வழியில்லாமல், எழுதிக்கொண்டார்.