இல்லாத வளையல்

சணல் நாரைப் பசையில் நனைத்து, சட்டத்தில் அடித்த ஆணிக்கு ஆணி இழுத்துச் சுற்றிக் கூரைப் பலகை செய்வதில் அந்தப் பட்டறையில் அவளை மிஞ்ச ஆளில்லை, ரோபோ கை வரும்வரை. அவள் சுற்றுவதைப் படம்பிடித்துத்தான் அதைப் பழக்கினார்கள். இப்போது பார்க்க வருகிறவர்கள் அதையே மொய்க்கிறார்கள். அவளுக்கு வயிறு எரிந்தது.

“ஒவ்வொரு சுத்துக்கும் மணிக்கட்டை எவ்வளவு அழகா உதறுது பாருங்க,” என்று விருந்தினர்களிடம் சொன்னார் இன்ஜினியர். “அதுலதான் நார் இறுகுது.”

“இறுகவுமில்ல, ஒண்ணுமில்ல சார். வளையல் நார்ல மாட்டுதேன்னு நான் உதறுவேன். அந்த மூதேவிக்கு ஏது வளையல்?”

மறுநாள் வளையல்களைக் கழற்றி ரோபோவின் காலடியில் வைத்துவிட்டு, உதறாமல் சுற்றினாள். மதியத்துக்குள் அதைவிட ஒரு பலகை கூடுதலாக முடித்தாள்.

“இந்தா, நீயே போட்டுக்கோ,” என்றாள் அதைப் பார்த்து. “உதறுறதுக்கு ஒரு காரணமாவது இருக்கட்டும்.”