கேட் பாஸ் இல்லாமல் போன மிஷின்

காவல்காரனுக்குக் கண்ணைவிட நோட்டுப் புத்தகம் முக்கியம் என்பதை வேலையில் சேர்கிற அன்றைக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. ஊர் பாய் விரிக்கிற நேரத்தில் டிபன் டப்பாவோடு கிளம்புகிற சகோதரர்களே, மில் வாசலிலோ பேங்க் வாசலிலோ ஆஸ்பத்திரி வாசலிலோ நீங்கள் பட்டதைத்தான் நானும் பட்டிருப்பேன். எனக்கு வாய்த்தது ஒரு பாலிடெக்னிக் வாசல். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் நடுவே, டவுன் பஸ் நின்றும் நிற்காமலும் போகிற இடம். சாயங்காலம் ஆறு மணிக்கு டூட்டி ஏறினால் காலை ஆறுக்கு இறக்கம். மற்ற வாசல்களில் எது யாருடைய பொருள் என்பது பார்த்தாலே தெரிந்துவிடும். படிப்புச் சொல்லிக் கொடுக்கிற இடத்தில் அது அவ்வளவு லேசில் விளங்காது.

டார்ச் லைட்

நான் சேர்ந்தது எண்பதுகளின் நடுவில். கல்லூரி எனக்குக் கொடுத்தது ஒரு ஸ்டூல், ஒரு விசில். டார்ச் லைட் என் சொந்தம். என் கல்யாணத்துக்கு மச்சினன் வாங்கிக் கொடுத்த மூணு பேட்டரி லைட். அங்கே ஸ்டோர் கீப்பராக சங்கரலிங்கம் என்று ஒருவர் இருந்தார். யாருக்கும் கெடுதல் நினைக்காத மனுஷன். ஆனால் கையில் எப்போதும் ஒரு வெள்ளைப் பெயிண்ட் டப்பாவும் ஒல்லிப் பிரஷ்ஷும் இருக்கும். வருஷத்துக்கு ஒரு நாள் மதுரையிலிருந்து ஆள் வந்து ஸ்டாக் சரிபார்ப்பார்கள். அந்த ஒரு நாளுக்காக மீதி நாளெல்லாம் பயந்துகொண்டிருந்தார் பாவம். மேஜை, நாற்காலி, வாளி, தண்ணீர்ப் பானையின் மூடி என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் நம்பர்.

ஒருநாள் லைட்டை ஸ்டூல்மேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். வருவதற்குள் அதற்கும் நம்பர் விழுந்திருந்தது. "இது என் லைட்டுங்க" என்றேன். ரிஜிஸ்டரில் ஏறிவிட்டதாம், இனி அழித்தால் மதுரைக்காரர்கள் கேள்வி கேட்பார்களாம். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் துறைத் தலைவர் கையெழுத்துப் போட்ட கேட் பாஸ் வேண்டுமாம். அந்த கேட் பாஸை வாங்கிச் சரிபார்க்க வேண்டிய ஆள் நான்தான். கோபத்தில் என்னென்னவோ பேசினேன். அவர் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "வாசலுக்கு உள்ள இருந்தா காலேஜுது அண்ணாச்சி. உம்மளோடதுன்னு எங்க எழுதி வச்சிருக்கீரு?"

இரண்டு நோட்டு

அந்தக் கேள்வி மனசில் தைத்துவிட்டது. மறுநாளே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். சாயங்காலத்துக்கு மேல் யார் எந்தச் சொந்தப் பொருளை உள்ளே கொண்டுவந்தாலும் தேதி, பொருள், பெயர், கையெழுத்து. யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. இன்னொரு நோட்டும் வாங்கினேன், அது எனக்காக. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஓரிடத்தில் உட்கார முடியாத உடம்பு, ராத்திரியோ நீளம். குப்பையில் போட்ட கேள்வித்தாள், அட்டை கிழிந்த பாடப் புத்தகம் என்று எடுத்து வைத்துப் படிப்பேன். மிஷின் சொற்களை எழுதி, எனக்குப் புரிகிற தமிழில் பக்கத்திலேயே விளக்கம் எழுதி வைப்பேன். 'டாலரன்ஸ்' என்றால், பத்துப் பொருத்தத்தில் எட்டு இருந்தால் போதும் என்று பெண் வீட்டார் விட்டுக்கொடுப்பது போல. இப்படி முந்நூறு சொல்லுக்கு மேல் சேர்ந்தது. தமிழ் மீடியத்திலிருந்து வந்த பிள்ளைகள் பரீட்சைக்கு முன்னால் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போவார்கள்.

மெக்கானிகல் துறைத் தலைவர் வரதராஜன் சார் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், நான் வரும் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்புகிறவர். இரண்டு நாளில் தருவதாக அந்த நோட்டை வாங்கிப் போனார். பொங்கல் லீவு முடிந்து வந்தபோது அது சைக்ளோஸ்டைல் புத்தகமாகியிருந்தது. அட்டையில் கல்லூரி பெயர், துறை பெயர், கீழே 'தொகுப்பு: வரதராஜன்'. ஜாதகப் பொருத்தம்கூட அப்படியே இருந்தது. அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. கல்லூரியில் கிடைத்தது கல்லூரிக்குத்தானே என்று நினைத்திருப்பார். சிரித்த முகமாக வாசலுக்கு வந்து சொன்னார்: "உமக்கும் ஒரு காப்பி தனியா எடுத்து வச்சிருக்கேன் அண்ணாச்சி. காசு தர வேண்டாம்."

காதர் பாய் கொண்டுவந்தவை

தொண்ணூறுக்குப் பிறகு, வேலை பார்க்கிறவர்களுக்கு மாலை நேர டிப்ளமா தொடங்கினார்கள். அதில் சேர்ந்தவர் காதர் மைதீன், இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் மெக்கானிக். முப்பத்தஞ்சு வயசு. அவர் மனைவி ஜொகரா வீட்டில் பேண்டேஜ் சுத்துகிறவர். காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியைக் கம்பெனியில் நாடா நாடாக வெட்டி வீட்டுக்குக் கொடுப்பார்கள். கைப்பிடி வைத்த சின்ன மிஷினில் அதைச் சுருட்டி, நீளம் அளந்து, வெட்டிக் கட்ட வேண்டும். பதினைந்து வருஷம் கைப்பிடியைச் சுற்றி ஜொகராவின் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. இனிமேல் சுற்றினால் கை போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கையை வேலையிலிருந்து எடுத்துக் காலுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் காதர் பாயின் கடைசி வருஷ புராஜெக்ட்.

கல்லூரி கொடுத்தது ஒரு பலகையும் எட்டு போல்ட்டும். மீதியெல்லாம் வெளியிலிருந்து வந்தன. பழைய சைக்கிளின் சங்கிலி, பல்சக்கரம்: காதர் மைதீனுடையது. மர உருளை: கடைசல்கார நண்பருடையது. தையல் மிஷினின் கால்மிதி: ஜொகராவின் தாய் வீட்டுச் சீர். அந்தக் கால்மிதி வந்தது ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போய்த் திரும்புகிற கூட்டம் பஸ்ஸில் நிரம்பி வழிந்தது. துளசி மாலைகளுக்கும் மொட்டைத் தலைகளுக்கும் மேலாக இரும்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாய் இறங்கினார். "பெருமாளுக்கு வாகனமா பாய்?" என்று கண்டக்டர் கேட்டதற்கு பஸ்ஸே சிரித்தது. நான் ஒவ்வொன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். கடைசியாகப் பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளின் மணி வந்தது. அதையும் எழுதினேன். பாய் தலையில் அடித்துக்கொண்டார்: "யா அல்லா! எங்க மாமனாரு சீர் வரிசையக்கூட இப்படி எழுதிக் கொடுக்கல அண்ணாச்சி!"

மணி அடித்த சாயங்காலம்

கல்லூரியில் புராஜெக்ட் கண்காட்சி அன்று காதர் பாய் ஜொகராவையே அழைத்து வந்தார். அவர் முக்காட்டைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்து மிதித்தார். உருளை சுழன்றது. இரண்டு கையும் துணியை இழுத்துப் பிடிக்க மட்டும்தான். ஒரு ரோலுக்கான நீளம் முடிந்ததும் ஒரு ஆணி மணியைத் தட்டியது. கிணிங். ஜொகரா வெட்டிக் கட்டினார், மறுபடி மிதித்தார், மறுபடி கிணிங். அளவுக்கோலே வேண்டாம். பார்க்க வந்திருந்த பேண்டேஜ் கம்பெனி முதலாளிகள் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்கள். பிரின்சிபால் கை தட்டினார்.

தட்டிய கையோடு சொன்னார்: மிஷின் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்படும். கல்லூரிப் பட்டறையில், கல்லூரி மாணவர், கல்லூரி ஆசிரியர் மேற்பார்வையில் செய்தது. ஆகவே மிஷினும் அதன் வரைபடமும் கல்லூரிக்குச் சொந்தம். வெளியில் இதுபோல் செய்வதானால் எழுதிக் கேட்டு அனுமதி பெற வேண்டும். முன்பே எழுதி வைத்திருந்த அட்டையை மாட்டினார்கள். கல்லூரி பெயர், அடுத்து வரதராஜன் சார் பெயர், அதன்கீழ் 'மாணவர் உதவியுடன்'. சங்கரலிங்கம் குனிந்து பலகையில் நம்பர் போட்டார். காதர் பாயால் எதிர்த்துப் பேச முடியாது. டிப்ளமா இன்னும் கைக்கு வரவில்லையே. கால்மிதியிலிருந்து எழுந்த ஜொகராதான் மெதுவாகக் கேட்டார்: "அப்ப, உங்க முன்னால மிதிச்சுக் காட்டத்தான் கூப்பிட்டீகளா சார்? நான் ஊட்டுக்குக் கொண்டுபோகலாம்னுல்ல வந்தேன்."

வரதராஜன் சாரின் பெட்டி

அதற்குப் பிறகு ரொம்ப நாள் அந்தக் கண்ணாடிப் பெட்டியை டார்ச் லைட்டை அணைத்துவிட்டுத்தான் கடப்பேன். காதர் பாய் டிப்ளமா வாங்கிவிட்டார். வீட்டில் பழைய கைப்பிடி மிஷினை ஜொகரா இடது கையால் சுற்றுவதாகச் சொன்னார். அந்தச் சமயத்தில்தான் வரதராஜன் சாருக்குக் கோயம்புத்தூரில் வேறு வேலை கிடைத்தது. போகிற மாதத்தில் ஒரு சாயங்காலம் தகரப் பெட்டியோடு வாசலுக்கு வந்தார். உள்ளே இருபது வருஷத்துப் பாடக் குறிப்புகள். தன் பெட்டிக்குத் தானே கேட் பாஸ் எழுதிக்கொள்ள முடியாதாம். பிரின்சிபாலோ, வேலை நேரத்தில் எழுதியவை கல்லூரிக்குச் சொந்தம் என்று மறுத்துவிட்டாராம். பெட்டிமேல் சங்கரலிங்கம் போட்ட நம்பர் இன்னும் காயவில்லை. சார் என் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒருநாளும் உட்கார்ந்தவர் இல்லை.

பெட்டியைக் காலடியில் வைத்துவிட்டு, "அந்தச் சொல் நோட்டு உம்மோடதுல்ல?" என்றார். "ஆமா சார்" என்றேன். அவர் குறிப்புகளை என் நாற்பது பக்க நோட்டில் தேடிப் பார்த்தால் கிடைக்காது. அவர் தலைக்குள் கொண்டுவந்ததை வாசலில் நின்று நான் எப்படி எழுதியிருக்க முடியும்? ஆனால் காதர் பாயின் பக்கங்கள் இருந்தன. எடுத்து அவர் மடியில் வைத்தேன். சங்கிலி, பல்சக்கரம், உருளை, கால்மிதி, மணி. ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் பெயர், தேதி, கையெழுத்து. சார் ரொம்ப நேரம் வாசித்தார். மாதக் கடைசி வரை அவர்தான் துறைத் தலைவர். பையிலிருந்து பேனாவை எடுத்தார்: "கேட் பாஸ் புக்க எடும். சங்கிலிக்கு ஒரு சீட்டு, மணிக்கு ஒரு சீட்டு. மிஷின்னு மட்டும் எங்கயும் எழுதிராதேயும்."

ஸ்டாக் சரிபார்ப்பு

கழற்றி முடிக்க ஒரு வாரம் ஆனது. தினமும் சாயங்காலம் காதர் பாய் வருவார். கண்ணாடிப் பெட்டிச் சாவி என்னிடம்தான். ஒரு பொருளைக் கழற்றுவார், சீட்டைக் காட்டுவார், நான் சரிபார்த்து வெளியே விடுவேன். கடைசி நாள் எட்டு போல்ட்டையும் துடைத்து, பேப்பரில் பொட்டலம் கட்டிப் பலகைமேல் வைத்துவிட்டுப் போனார். அடுத்த திங்கட்கிழமை பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு விட்டார். மேஜையில் கேட் பாஸ் அடிக்கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சைக்கிள் சங்கிலி போயிருக்கிறது, மணி போயிருக்கிறது, எல்லாம் முறையான கையெழுத்தோடு. மிஷின் எப்போது போனது என்பதற்கு ஒரு சீட்டும் இல்லை. "நீ ராத்திரி முழிச்சுத்தான்யா இருந்தே?" என்று கேட்டார். இருந்தேன் சார் என்றேன்.

அந்த மாதமே மதுரையிலிருந்து சரிபார்க்கிறவர்கள் வந்தார்கள். சங்கரலிங்கம் பெயிண்ட் டப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டே கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் கூட்டிப் போனார். வந்தவர் பட்டியலைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், நம்பரை வாய்விட்டு வாசித்தார், டிக் அடித்தார், அடுத்த அறைக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். சங்கரலிங்கம் என் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டார்: "நம்பர் இருக்கு அண்ணாச்சி. நம்பர் இருந்தா சாமான் இருக்குன்னு அர்த்தம்."

ஜொகராவின் தெரு

எனக்குப் பகலில் தூக்கம் வராது. டவுன் பஸ்ஸில் ஏறிக் கால் போன போக்கில் சுற்றுவேன். ஒருநாள் இராஜபாளையத்தில் காதர் பாய் தெருவுக்குள் நுழைந்தேன். கிணிங். இரண்டு வீடு தள்ளி இன்னொரு கிணிங். எதிர் வீட்டு நாயக்கர் அம்மா தெலுங்கில் யாரையோ திட்டிக்கொண்டே மிதித்துக்கொண்டிருந்தார். அங்கேயும் கிணிங். காதர் பாய் கேட்டவர்களுக்கெல்லாம் செய்து கொடுத்திருக்கிறார். எழுதிக் கேட்கச் சொன்ன பிரின்சிபால் அதற்குள் மாறிப் போயிருந்தார். ஜொகரா வலது கையால் டீ கொடுத்தார். வீக்கம் வற்றியிருந்தது. பலகைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "பழைய கதவ அறுத்துப் போட்டாக அண்ணாச்சி. செத்த ஆடுது, ஆனா மணி சரியாத்தான் அடிக்குது."

அந்தப் பலகை இன்றைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் இருக்கிறது, அதை யாரும் தூக்கிக்கொண்டு போய்விடாமல் நம்பர் போட்ட என் சொந்த டார்ச் லைட்டை அடித்துப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.