மினியின் ஊர்ப்பக்கம் திருப்பிய டிஷ்

மொட்டை மாடியில், ஈரத் துணிகளுக்கு நடுவே, அம்மாவுக்குக் கிளிப் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அது கண்ணில் பட்டது. நாங்கள் குடியிருந்த நெருப்பெரிச்சல் பகுதியில் வீட்டுக்கு வீடு ஒரு டிஷ். அத்தனையும் ஒரே பக்கமாக முகத்தைத் தூக்கிக்கொண்டு, தீபாராதனைக்குக் காத்திருக்கும் கூட்டம் மாதிரி நின்றன. எதைப் பார்க்கின்றன என்று கேட்டேன்.

“நம்ம ஊரத்தான் பாக்குது, வேறென்னத்த” என்றாள் அம்மா, பனியனை உதறிக்கொண்டே.

ராமநாதபுரத்திலிருந்து பிழைக்க வந்த அம்மாவுக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் ஊர்தான் தெரியும். அது எனக்குப் புரியாத எட்டு வயது. அப்படியே நம்பிவிட்டேன். அன்றிலிருந்து கண்ணை மூடினால், எங்கள் ஊர்க் கடற்கரையிலிருந்து படங்களெல்லாம் கொக்குகளாகக் கிளம்பும். மதுரையைத் தாண்டி, திண்டுக்கல்லைத் தாண்டி, இங்கே வந்து அவரவர் டிஷ்ஷில் ஓசையில்லாமல் இறங்கும்.

பக்கத்து வீட்டில் மினி இருந்தாள். ஒடிசாக்காரி, என் வயது. அவள் அப்பாவும் என் அப்பாவும் பனியன் துணி பின்னும் ஒரே நிட்டிங் கம்பெனி. வீட்டு ஓனரம்மாவிடமே தமிழ் கற்றதால் என்னைவிட நன்றாகக் கொங்குத் தமிழ் பேசுவாள். அவளுடைய அக்கா மட்டும் படிப்புக்காக ஊரில், கடலோரத்தில், சித்தப்பா வீட்டில் இருந்தாள்.

அந்த வருடம் அந்தக் கரையில் புயல் அடித்தது. செல்போன் கோபுரங்கள் சாய்ந்துவிட்டன. எத்தனை முறை போட்டாலும் போனில் ஒரு பெண் குரல் ஒரே வாக்கியத்தைச் சொன்னது. மிச்சமிருந்தது டிவியில் வரும் ஒடியாச் செய்தி ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. மினியின் அப்பா சாப்பிடாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். முறிந்த தென்னைகளைக் காட்டினார்கள், தண்ணீரில் நிற்கும் பஸ்ஸைக் காட்டினார்கள்.

“எங்க ஊர மட்டும் காட்டவே மாட்டீங்குது” என்றாள் மினி.

எனக்கா காரணம் தெரியாது? “எப்பிடிக் காட்டும்? ஒங்க டிஷ்ஷும் எங்க ஊரையில்ல பாத்துக்கிட்டு நிக்கிது!”

இருவரும் மாடிக்கு ஓடினோம். ஒடிசா எந்தப் பக்கம் என்பதில் மினிக்குச் சந்தேகமே இல்லை; ஊருக்குப் போகும் ரயில் ஈரோட்டுப் பக்கமாகத்தான் போகும். போல்ட் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ள, முனகியபடி திரும்பி, அந்தப் பெரிய முகம் ஈரோட்டைப் பார்த்தது. மினி அதற்கு ஒரு முத்தம்கூடக் கொடுத்தாள்.

அக்கா கையசைப்பதைப் பார்க்கத்தான் கீழே ஓடினோம். திரை முழுக்க நீலம். ‘சிக்னல் இல்லை.’

மினியின் அம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்திருந்தார். அவள் அப்பா திரையில் கையை வைத்தபடி நின்றிருந்தார். “போச்சு அக்கா... ஊர்ல எல்லாம் போச்சு” என்றார், சத்தம் கேட்டு வந்த என் அம்மாவிடம்.

“சும்மாருங்கண்ணே, வயரு கியரு கழண்டிருக்கும்.”

“நாங்கதான் ஒங்க ஊரப் பாத்துத் திருப்பி வச்சோம்!” என்றேன் நான், பாராட்டை எதிர்பார்த்து.

அம்மா என் முதுகில் வைத்ததைப் பாராட்டு என்று சொல்ல முடியாது. மினியின் அப்பாவோ மாடிக்குப் பாய்ந்தார். மேலே அவர், வாசலில் ஓனரம்மா, டிவி முன்னால் அம்மா.

“வந்துச்சா?”

“வரலீங்களாமா! இன்னுங் கொஞ்சம் சாச்சுப் புடிங்க!”

“இப்போ?”

“கோடு கோடா வருதுங்களாமா! அப்படியே இருங்க, ஆடாதீங்க சாமி!”

டிஷ் பழையபடி எங்கள் ஊர்ப்பக்கம் திரும்பிய பிறகுதான் படம் வந்தது. எனக்குப் பெரிய அவமானம். மினியின் அப்பா இறங்கி வந்தார். திரையில் அதே தென்னை, அதே பஸ்; அவர் ஊர் அப்போதும் வரவில்லை. ஆனாலும் அவர் சிரித்தார். கண்ணில் நீர் வழியச் சிரித்தார். ஊரே தெரியாதபோது எதற்குச் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. சில நாள் கழித்து யாருடைய போனிலிருந்தோ அக்காவின் குரல் வந்தபோது, அவர் சிரிக்கவில்லை, போனை அப்படியே மினியின் அம்மாவின் காதில் வைத்தார்.

இப்போது எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன். அந்த டிஷ்கள் எந்த ஊரையும் பார்க்கவில்லை. பூமத்திய ரேகைக்கு மேலே, பூமியோடு கூடவே சுற்றுவதால் அசையாததுபோல் நிற்கும் ஒரு செயற்கைக்கோளைப் பார்க்கின்றன. வடக்கே நடப்பதும் அந்தத் தெற்கு வானத்தில் ஏறி இறங்கித்தான் நமக்கு வரும். எங்கள் ஊர் அந்தப் பார்வைக்குக் கீழே சும்மா கிடந்தது, அவ்வளவுதான். இது பாடத்தில் இருந்தது. அவர் ஏன் சிரித்தார் என்பது இல்லை.

நிட்டிங் மிஷினில் நூல் ஓடித் தேய்ந்து, கழித்துப்போட்ட அலுமினியக் குழாய் இரண்டை அப்பா கொண்டுவந்து கொடுத்தார். அவற்றை வைத்து ஆன்டெனா செய்திருக்கிறேன். துருவத்துக்குத் துருவம் ஓடும் வானிலைச் செயற்கைக்கோள் ஒன்று தலைக்கு மேல் போகும்போது, அது அனுப்பும் படத்தை லேப்டாப்பில் பிடிக்க வேண்டும். எந்த ஊர்ப்பக்கமும் திருப்ப வேண்டியதில்லை. ஆன்டெனா மாடியில் மல்லாந்து கிடந்தால் போதும். மினியின் கடற்கரையும் என் கடற்கரையும் ஒரே படத்தில் வரும்.

கம்பெனியில் துணியில் பழுது பார்க்கும் செக்கிங்கில் இருக்கும் மினியிடம் சொன்னேன்.

“எங்கூடு தெரியுமா?”

“வீடெல்லாம் தெரியாதுடி. கரை தெரியும், மேகம் தெரியும்.”

“அதாச்சும் வருதான்னு பாப்போம்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மேலே ஏறுகிறோம். டிஷ்ஷைத் தொடக்கூடாது என்பது ஓனரம்மா போட்ட ஒரே நிபந்தனை. கீழே நின்று “வந்துச்சா?” என்று கேட்க, மினியின் அப்பா வருகிறாராம்.