பாத்துக் குடிக்கத் தெரியாதா?

கல்முனையில் நான் வேலை செய்யும் கடையில், கக்கூஸ் கழுவும் அசிட்டைத் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைத்திருந்தார்கள். மூடியைத் திறந்ததும் மூக்கு எரிந்தது. முதலாளியிடம் சொன்னேன். "பாத்துக் குடிக்கத் தெரியாதா?" என்று சிரித்தார்.

இதே கேள்வி சின்ன வயதிலும் என் காதில் விழுந்திருக்கிறது. வாப்பா மருதமுனையில் ஒரு சாயப்பட்டறையில் நூலுக்குச் சாயம் போட்டார். அங்கே முதலாளி ஹாஜியார் காஸ்டிக் சோடாவைக் கரைத்துக் குளிர்பானப் போத்தல்களில் நிரப்பி, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்திலேயே வைப்பார். தகர டின் வாங்குவது வீண் செலவாம். ஒரு நோன்பு நாள், நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு கேட்டதும் வாப்பா பிஸ்மி சொல்லி, தண்ணீரென்று நினைத்து அதில் ஒன்றை எடுத்து விழுங்கிவிட்டார்.

ஹாஜியார் ஆஸ்பத்திரிக்கு அத்தர் மணக்க வந்தார். கையில் ஒரு பை திராட்சை.

"பாத்துக் குடிக்கத் தெரியாதா? எல்லாம் அல்லாஹ்ட நாட்டம், புள்ள."

உம்மா எழும்பி நின்றா. "போத்தல நிரப்பினது அல்லாஹ் இல்ல, நீங்க. தொண்ட வெந்து கிடக்கிற மனிசனுக்குத் திராட்சையா கொண்டு வந்தீங்க? எடுத்துக்கிட்டுப் போங்க."

அவர் உண்மையாகவே எடுத்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து மவுத்தாகிக் கண்மூடும்வரை வாப்பாவுக்குக் கஞ்சிதான். ஹாஜியாரையோ, தொழிலாளியைத் தேடி ஆஸ்பத்திரிக்கே போன பெரிய மனிதர் என்று ஊர் இன்றும் புகழ்கிறது.