கண் மட்டத்தில் ஒரு மாந்தோப்பு

கோர்ட்டுக்குப் போனாலே எனக்குப் பாதிக் கோபம் வந்துவிடும். காலையில் வரச் சொல்வார்கள், சாயங்காலம் வரை கூப்பிட மாட்டார்கள். இராஜபாளையம் மில்களில் புது மெஷின் இறக்கும் முன்பு கட்டடத்தை லேசர் ஸ்கேனரால் அளந்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. அந்த ஸ்கேனரை நம்பித்தான் போலீஸ்காரர்கள் என்னைத் தேவதானத்து மாந்தோப்புக்குக் கூட்டிப் போனார்கள். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் தோப்புக்காரரைப் பக்கத்துத் தோப்புக்காரன் வெட்டிக் கொன்றுவிட்டதாக வழக்கு. நேரில் பார்த்த ஒரே சாட்சி, செத்தவரின் அக்கா.

முதலில் ட்ரோனைப் பறக்கவிட்டு மேலிருந்து படம் எடுத்தேன். பிறகு மரங்களுக்கு அடியில் ஸ்கேனரை இடம் மாற்றி மாற்றி வைத்துத் தோப்பு முழுவதையும் அளந்தேன். வெயிலில் மண்டை காய்ந்துவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் என் சாட்சியம் முடிந்ததும், படங்களைத் திரையில் காட்டுவதற்காக லேப்டாப்போடு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அடுத்து அந்த அக்கா கூண்டில் ஏறினார். எதிர்த்தரப்பு வக்கீல் ட்ரோன் படத்தைக் காட்டச் சொல்லி, "இதுல நீங்க நின்ன இடம் எது?" என்று கேட்டார். அக்கா திருதிருவென்று விழித்தார். திரை முழுக்க மர உச்சிகள்தான்.

"சொந்தத் தோப்பே தெரியல. இம்புட்டு மரத்துக்கு ஊடால ஆளு முகம் மட்டும் தெரிஞ்சுதாக்கும்?"

"மேலேர்ந்து பாக்க நான் என்ன காக்காயாய்யா?"

நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அக்கா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் பார்த்ததை நம்பவில்லை என்றால் வழக்கு அதோடு தீர்ந்தது. அரசு வக்கீலிடம் போய், "ஸ்கேனைக் காட்டச் சொல்லுங்க சார், மரத்தடியில பார்வைய எதுவும் மறைக்கல" என்று முணுமுணுத்தேன். அவர் கேட்க, நீதிபதி சரியென்றார்.

ஸ்கேனர் அளந்த முப்பரிமாணப் படத்தைத் திரையில் திறந்து, பார்வையை ஆள் நிற்கும் உயரத்துக்கு இறக்கி, தோப்புக்குள் நடப்பது மாதிரி மெதுவாக நகர்த்தினேன். அக்கா நிமிர்ந்தார்.

"இந்தா, எங்க மோட்டார் ரூமு. பொறவு வாய்க்கா. இந்தக் கவட்டை மரத்துக்கிட்டதான்யா நான் நின்னேன்."

அங்கேயே நிறுத்தித் திருப்பினேன். அடிமரங்களுக்கு நடுவே, கொலை நடந்த மோட்டார் ரூம் வாசல் பளிச்சென்று தெரிந்தது. நீதிபதி தூரம் கேட்டார். அளந்து சொன்னேன். அதற்குப் பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் முகம் தெரிந்ததா என்ற பேச்சையே எடுக்கவில்லை.

கோர்ட்டுக்கு வெளியே, ஜெயித்துவிட்ட மிதப்பில் அக்காவுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் அதைக் குடிக்கவில்லை.

"ரொம்பத் தூரம்னுல்ல தாயி நெனச்சுக்கிட்டிருந்தேன். அம்புட்டுக் கிட்டயா நின்னேன்? ஓடிப்போயிருந்தா தம்பியப் பிடிச்சு இழுத்திருப்பேனோ?"

அந்தத் தூரத்தை வாய் நிறையச் சொன்னவள் நான்தான்.

"குறுக்க வாய்க்கா கெடக்குல்லக்கா, எப்படித் தாண்டுவீங்க?" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அதுல ஏது தாயி தண்ணி? தண்ணி ஓடிருந்தா சண்டையே வந்திருக்காதே" என்றார்.