அப்பா வாங்கிய பதினோரு மதிப்பெண்

அந்த வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போனதே கிடையாது. அசதி வரும், கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கும், வெயில் ஒத்துக்கொள்ளாது, அவ்வளவுதான். நோயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது உள்ளே வந்து பாயை விரித்துப் படுத்துவிடும் என்று அம்மாவுக்குப் பயம். டாக்டரிடம் போவதென்றால் இருப்பதிலேயே நல்ல துணியாக எடுத்து உடுத்திக்கொள்வார்கள். எப்படி இருக்கீங்க என்று அவர் கேட்டால், நல்லா இருக்கேன் டாக்டர் என்பார்கள். நன்றாக இருப்பவர் எதற்காக இரண்டு பஸ் மாறி வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று அந்த மனிதரும் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. அம்மா அப்படி நன்றாக இருந்தபடியே நாற்பத்து நான்கு வயதில் போய்ச் சேர்ந்தாள். மார்பில் கட்டி இருந்தது, கடைசி வாரம் துணி மாற்றிவிட்ட நர்ஸ் சொல்லித்தான் வீட்டுக்குத் தெரிந்தது.

இளையவளுக்கு அப்போது பதினாறு வயது. எதற்கெடுத்தாலும் ஏன், எதற்கு என்று குடைவதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். அம்மாவோடு டாக்டரிடம் போய்வந்தவள் அவள்தான். அம்மா நல்லா இருக்கேன் என்றபோது பக்கத்து நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளும் அவள்தான். ஊர் நியாயமெல்லாம் பேசுகிற வக்கீலுக்கு அந்த ஒரு இடத்தில் நாக்கு எழவில்லை. அந்த ஆத்திரம் அவளை விட்டுப் போகவே இல்லை.

உளவியல் படிக்கப்போகிறேன் என்று அவள் சொன்னபோது, பைத்தியம் பார்க்கிற வேலையா என்று அண்ணன் கேட்டான். அவள் படித்தது நோயாளிகளின் மனதைப் பற்றி. சர்க்கரைக்காரர் ஏன் மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளிக்கிறார், நெஞ்சு வலிப்பவர் ஏன் வாயுத்தொல்லை என்று சாதிக்கிறார் என்பதற்கெல்லாம் ஒரு படிப்பு இருக்கிறது, அதற்கு உடல்நல உளவியல் என்று பெயர். டாக்டரா இல்லையா, ரெண்டில் ஒன்று சொல் என்று அண்ணன் பல வருஷம் நச்சரித்துவிட்டு ஓய்ந்தான். அப்பாவுக்கு மட்டும் பிடிபட்டது. அவர் சலவைக்கடையில் இஸ்திரி போடுபவர். வாய்விட்டுச் சொல்லாததைக் கேட்டு வாங்குற வேலை என்று துணி வாங்க வருபவர்களிடமெல்லாம் மகளைப் பற்றிப் பீற்றிக்கொள்வார்.

பெரிய ஆஸ்பத்திரியின் வலி சிகிச்சைப் பிரிவில் அவளுக்கு வேலை கிடைத்தது. பழைய எக்ஸ்ரே படங்களை அடுக்கிவைத்திருந்த அறையைக் காலிசெய்து கொடுத்தார்கள். இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, ஜெனரேட்டரைப் பார்த்த ஒரு ஜன்னல். வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லச் சொல்வது அங்கே வழக்கம், அதை வைத்துத்தான் வரிசை. அவள் வீட்டாரைப் போன்ற ஜனங்கள் எப்பேர்ப்பட்ட வலிக்கும் இரண்டு என்பார்கள், மிஞ்சிப்போனால் மூன்று. வரிசையில் அவர்கள் எப்போதும் கடைசி. அதனால் அவள் வேறொரு தாள் தயாரித்தாள். அதில் வலி என்ற சொல்லே கிடையாது. எழுந்திருக்கும்போது கை ஊன்றுகிறீர்களா, கடைசியாக எந்த வேலையை மற்றவரிடம் விட்டீர்கள் என்று இருபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். பதினைந்தைத் தாண்டினால் இரண்டு வாரத்தில் டாக்டர் பார்ப்பார், தாண்டாவிட்டால் நான்கு மாதம் காத்திருக்க வேண்டும்.

அந்தத் தாளை அவள் முதலில் சோதித்துப் பார்த்தது அப்பாவிடம். ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறை மேஜையில் உட்கார்ந்து இருவரும் அடித்தும் திருத்தியும் எழுதினார்கள். எதற்கு ஒன்று, எதற்கு மூன்று என்று பேரம் பேசினார்கள். தும்மல் வரும்போது எதையாவது பிடித்துக்கொள்கிறீர்களா என்ற கேள்வி அப்பா சொன்னது. முதுகு போன இஸ்திரிக்காரன் எல்லாரும் மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் தும்முவான் என்றார். தாள் நன்றாக வேலை செய்தது. பத்து வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் பத்து நாளில் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரி அதையே விதியாக்கியது, அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

இரண்டு வருஷம் கழித்து அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அண்ணன் இழுத்துக்கொண்டு போனான், டாக்டர் அவள் பிரிவுக்கே சீட்டு எழுதினார். சொந்த அப்பாவின் தாளைத் தான் திருத்தக் கூடாதென்று அவள் அதைப் பிரிவின் மூத்த நர்ஸிடம் கொடுத்தாள். என் அப்பா என்பதற்காக முன்னால் தள்ளிவிடாதீர்கள் என்று பெருந்தன்மையாகச் சொல்லவும் செய்தாள். வந்த மதிப்பெண் பதினொன்று. தும்மல் கேள்விக்கு இல்லை என்று எழுதியிருந்தார்.

அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. இங்கேதான் அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது. அந்த மாதமெல்லாம் அவர் செருப்பு மாட்டும்போது சுவரைப் பிடித்ததை அவள் பார்த்திருக்கிறாள். சட்டை தொளதொளத்ததைப் பார்த்திருக்கிறாள். வேறு யாராவது பதினொன்று வாங்கிக்கொண்டு அப்படிச் சுவரைப் பிடித்திருந்தால் விட்டிருப்பாளா? குடைந்து எடுத்திருப்பாள். இவர் அப்பா. பதினொன்று என்பது அவளுக்கு வேண்டியிருந்தது, அதனால் நம்பினாள்.

காத்திருப்பின் பதினோராவது வாரம் கடையில் ஒரு துணி மூட்டையைத் தூக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. புற்று முதுகெலும்பு வரை வந்துவிட்டிருந்தது. இரண்டு மாதம் முன்னால் தெரிந்திருந்தால் கால்களையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இனி செய்வதற்கிருந்தது வலியில்லாமல் வைத்துக்கொள்வது ஒன்றுதான். அதற்கும் அவர் வாய் திறக்க வேண்டும். எவ்வளவு வலி என்று சொன்னால்தான் மருந்தின் அளவைக் கூட்டுவார்கள்.

அவர் கூட்டவிடவில்லை. மகள் கேட்கும்போதெல்லாம் பரவாயில்லை என்றார். போர்வைக்குள் கை கட்டில் கம்பியை இறுக்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் அவள் கேட்டேவிட்டாள்.

"அந்தத் தாள்ல ஏம்பா பொய் எழுதினீங்க?"

கூரையைப் பார்த்தபடி சொன்னார்.

"எதுக்கு எத்தனை மார்க்குன்னு எனக்குத் தெரியாதாம்மா? சரியா எழுதினா நீ படிப்பே. அம்மா விஷயத்துலயே நீ இன்னும் எந்திரிக்கல. இதையும் எப்படிக் குடுப்பேன் உன் கையில?"

அவள் வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றாள். முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள் அந்த எக்ஸ்ரே அறையில் அவளிடம் வாய்விட்டு அழுதிருக்கிறார்கள். அவள் யாரோ என்பதால்தான் அழுதார்கள் என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. படித்த புத்தகத்திலும் அது இருந்தது, பரீட்சையிலும் எழுதியிருக்கிறாள்.

மூத்த நர்ஸைத் தேடிப்போய் அழைத்துவந்தாள்.

"நான் கேட்டா சொல்லமாட்டார். நீங்க கேளுங்க. நான் வீட்டுக்குப் போயிட்டேன்னு சொல்லிடுங்க."

நர்ஸ் உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டாள். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. மகள் போய்விட்டதாக நர்ஸ் சொன்னாள், நெஜமாவே போயிட்டாளா என்று அவர் இரண்டு தரம் கேட்டார். அப்புறம் மகள் பிறந்ததிலிருந்து கேட்டிராத ஒரு குரல் வந்தது.

"தாங்க முடியலம்மா. ராத்திரியெல்லாம் கொல்லுது. ஏதாவது பண்ணுங்க."

அவர் அழுதார், அந்நியப் பெண் ஒருத்தி தோளைத் தடவிக்கொடுப்பது திரையில் நிழலாகத் தெரிந்தது. வக்கீல் திரைக்கு வெளியே சுவரோடு ஒட்டிக்கொண்டு, மூச்சுச் சத்தம் கேட்டுவிடப்போகிறதே என்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஓடிப்போய் அவர் கையைப் பிடிக்கலாம். பிடித்தால் அவர் நிறுத்திவிடுவார். நர்ஸ் ஊசியோடு திரும்பிவந்து போட்டு முடிக்கும்வரை அவள் வீட்டுக்குப் போனவளாகவே நின்றாள்.