ஆப் வைத்த ஆப்பு

அரியலூரில் எங்கள் பள்ளி பேண்டில் நானும் தோழி கவிதாவும் கிளாரினெட் வாசித்தோம். சுதந்திர தின அணிவகுப்பில் தனியாக வாசிக்க ஒருவருக்குத்தான் வாய்ப்பு. வீட்டில் செல்போன் ஆப்பில் பழகினோம். அது பாட்டை ஒலிக்கவிட்டு, கூடவே நாம் வாசிப்பதைக் கேட்டு மார்க் போடும்.

“ஹெட்செட் எதுக்குடி? ஸ்பீக்கர்லயே போடு, நல்லா கேக்கும்,” என்றாள் கவிதா. அன்றிலிருந்து எனக்குத் தினமும் நூறு மார்க்.

தனியாக வாசிப்பவரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் பேண்ட் மாஸ்டர் முன் பாட்டுத் துணையின்றி வாசித்தேன். பாதியிலேயே தடுமாறி நின்றேன். கவிதா பிசகாமல் வாசித்தாள்.

வெளியே வந்ததும் சிரித்தாள். “ஸ்பீக்கர்ல போட்டா ஆப் தன்னோட பாட்டையே கேட்டு அதுவே மார்க் போட்டுக்கும்டி. எனக்கு அப்பவே தெரியும்.” அவள் பையில் ஹெட்செட் தொங்கியது.

ஆப்பு வைத்தது ஆப் இல்லை. இப்போதும் யாராவது “சூப்பர்டி” என்றால், என் சத்தத்தைக் கேட்டுத்தான் சொல்கிறார்களா என்று சந்தேகம் வருகிறது.